கழுவாமல் கொண்டு வரச் சொன்னவர்

விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து அதைத் திரும்ப வாங்கியபோது சிஸ்டர் ஆரோக்கியம் பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. ஆரோக்கியம் பிரசவ வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். வேலை நேரத்தில் யாரையும் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. நான் கூப்பிட்டதும், "டீச்சர், நம்ம டாக்டர் போயிட்டாங்க" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வருகிற சனிக்கிழமை முசிறியில் பேசுவதாக ஒப்புக்கொண்டு, என்னையும் வரச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போகலாமா? முகாமுக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். கையில் இருந்த விடைத்தாளில் ஒரு பெண் கர்ப்பப்பையையும் நஞ்சுக்கொடியையும் அழகாகப் படம் வரைந்து, பாகங்களையெல்லாம் சரியாகக் குறித்திருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் படத்தைச் சரியாக வரையத் தெரிந்த பெண்ணுக்கு, நாளைக்குக் கர்ப்பமாக இருக்கும்போது இரத்தம் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான் அன்று காலையில் போய்விட்டார். அப்போதுதான் அழுதேன். பக்கத்து நாற்காலிக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

டாக்டர் பிலோமினாவை, இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் பிரசவத்தைப் பார்த்தவர் அவர். உங்கள் மாமியாரைத் திட்டியவர், உங்கள் கணவரை வராந்தாவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். நான் அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் எடுக்கிறேன். அவர் திருவானைக்காவல் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவர். மேலப்புதூர் மாதா கோயில் தெருக்காரர் அவர். சித்திரை வீதிக்காரி நான். கடைசி வரைக்கும் நான் அவரை டாக்டர் என்றும் அவர் என்னை டீச்சர் என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டோம். இருந்தாலும் சண்டை போடும் உரிமை இருவருக்கும் முழுசாக இருந்தது.

முதல் சண்டை எங்கள் பள்ளியில். அம்மாக்களுக்கான கூட்டத்தில் பேச அவரை நான்தான் அழைத்திருந்தேன். "கொஞ்சம் நாசூக்கா பேசச் சொல்லுங்க" என்று தலைமையாசிரியை என்னிடம் காதோடு சொன்னார். டாக்டர் மைக்கைப் பிடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "வயித்துல குழந்தை இருக்கும்போது ரத்தம் பட்டா என்ன பண்ணுவீங்க?" கடைசியில் ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "அது... பட்டா, முதல்ல துணியை அலசிப் போட்டுடுவோம்" என்றார். டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"பாருங்க, அங்கதான் தப்பு. வயசுக்கு வந்த நாள்லேருந்து யார் கண்ணுலயும் படாம அலசறதுக்குத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தப் படிப்புல நாம எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கிட்டோம். கர்ப்பத்துல மட்டும் அதை மறந்துடுங்க. கழுவாம கொண்டு வாங்க. ஒரு கவர்ல போட்டு என்கிட்ட கொண்டு வாங்க. எவ்வளவு நனைஞ்சிருக்கு, பழுப்பா, சிவப்பா, கட்டி இருக்கா, நான் பார்க்கணும். ‘கொஞ்சமா பட்டுது டாக்டர்’னு வாயால சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கொஞ்சம் வேற, பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் வேற."

மறுநாள் தலைமையாசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அதை நான் டாக்டரிடம் போய்க் கொட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சில வாரம் பேசவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், ஒன்றுமே நடக்காத மாதிரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "உங்க ஸ்கூல்ல அந்தக் கர்ப்பப்பை மாடல் ஒண்ணு இருக்கே, பிளாஸ்டிக்ல, கழட்டி மாட்டறது. அதை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க, கைலாசபுரத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். மாடலை எடுத்துக்கொண்டு போனேன். அப்படித்தான் எங்கள் ஊர்சுற்றல் தொடங்கியது.

கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றம். வந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள். சிலர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள். "ஆரம்ப மாசத்துல லேசா படறது சகஜம்னு போட்டிருக்கே டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார். "சகஜம்தாங்க. அப்படிப் பட்டவங்கள்ல நிறைய பேருக்குக் குழந்தை நல்லபடியா தங்கும். ஆனா உங்களோடது அந்தச் சகஜமா, வேறயான்னு வீட்டுல உக்காந்து தெரியாது. சில பேருக்குக் கரு கர்ப்பப்பைக்குள்ள வராம குழாயிலேயே தங்கிடும். வெளியில பாத்தா ரெண்டு சொட்டுதான் பட்டிருக்கும். உள்ள குழாய் வெடிச்சு வயிறு முழுக்க ரத்தமா இருக்கும். ஒரு பக்கம் வயித்து வலி, தலை சுத்தல், மயக்கம், தோள்பட்டை நுனியில வலி, இதுல எது இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம்ங்கற பேச்சே கூடாது" என்றார். நான் மாடலைக் கழற்றிக் குழாயைக் காட்டினேன். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை வந்தவுடனேயே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனியாக ஊசி போட வேண்டியிருக்கும் என்பதையும் அன்று அடித்துச் சொன்னார்.

ஒரு பெண் எழுந்து, "இவ்வளவு பயமுறுத்தறீங்களே?" என்று கேட்டுவிட்டார். அதற்கு டாக்டர் சொன்னதை நான் பிறகு எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன்: "பயப்படாதேன்னு சொல்ல நான் யாரு? பயப்படுங்க. பயந்துக்கிட்டே ஆட்டோல ஏறுங்க."

இப்படிப் பேசுகிறவருக்கு ஈரமே கிடையாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக அரியமங்கலத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். என் பழைய மாணவி. கணவனுக்கு அங்கே லேத் பட்டறை. ஆரம்ப மாதத்திலேயே இரத்தம் கட்டி கட்டியாகப் போய் கரு கலைந்துவிட்டது. ஸ்கூட்டரில் அம்மா வீட்டுக்குப் போனதுதான் காரணம் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். பப்பாளி, எள்ளுருண்டை, மாடிப்படி என்று குற்றப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அந்தப் பெண்ணும் அதை நம்பி, கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். டாக்டர் கணவனையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"இது யாரும் பண்ணினது இல்ல. கரு ஆரம்பத்துலயே சரியா அமையல, அதான் நிக்கல. ஸ்கூட்டர் காரணமில்ல. பப்பாளி காரணமில்ல. இவ காரணமே இல்ல."

"அப்ப நாங்க காலங்காலமா சொல்றதெல்லாம் பொய்யா டாக்டரம்மா?"

"பொய்யின்னு சொல்லல. தப்புன்னு சொல்றேன்."

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அழு, நல்லா அழு. குழந்தை போச்சுன்னு அழு, அதுல அர்த்தம் இருக்கு. நான்தான் கொன்னுட்டேன்னு அழக்கூடாது" என்றார். அந்தப் பெண் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். வாசலில் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எழுந்திருக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால், "பெத்தவளுக்குத்தானே தெரியும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்பவர்கள் இருந்தார்கள். "அவங்க அவங்க பிரசவத்தைப் பார்த்திருக்காங்க. மத்ததையெல்லாம் நான்தான் பார்த்திருக்கேன்" என்பார். அதோடு விட்டுவிடுவார். எனக்குத்தான் பொறுக்காது, இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

இனி என் வீட்டுக் கதை. இதை எழுத எங்கள் கோமளம் மன்னியிடம் அனுமதி கேட்டேன். "எழுதேன் மைதிலி, நான் என்ன சீனி வெல்லமா, கரைஞ்சா போயிடுவேன்?" என்றாள். கோமளம் என் அண்ணா மனைவி. மடி, ஆசாரம் எல்லாம் கொஞ்சமும் குறையாத அகம் அது. அவள் பிள்ளை ரகு, தொழிற்சாலையில் இன்ஜினியர். அவன் மனைவி வைதேகிக்கு எட்டாம் மாதத்தில் சீமந்தம் வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனை வைதேகியின் பிறந்தகத்தில் எடுத்திருந்தார்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, பெரும்பாலும் தானாக மேலே போய்விடும், எதற்கும் மறுபடி ஒருதரம் வந்து பாருங்கள் என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீமந்தம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

சீமந்தத்தன்று விடியற்காலையில் எழுந்த வைதேகி, புடவையில் இரத்தம் பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். வலி ஒன்றும் இல்லை. மாமியாரிடம் சொன்னாள், அந்த மட்டும் அந்தப் பெண் பிழைத்தாள். மன்னி என்ன செய்தாள் தெரியுமா? டாக்டருக்குப் போன் செய்யவில்லை, எனக்கும் செய்யவில்லை. சீமந்தத்துக்கு மந்திரம் சொல்ல வரவிருந்த வாத்தியாருக்குச் செய்தாள். இது தீட்டுக் கணக்கா, இவள் ஹோமத்தில் உட்காரலாமா, கூடாதா என்று கேட்டாள். எங்கள் அகத்தில் பெண்ணுக்கு இரத்தம் பட்டால் முதலில் எழும் கேள்வி, தள்ளி உட்கார வேண்டுமா என்பதுதான். உயிருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வரும். மன்னி கொடுமைக்காரி இல்லை. வைதேகியைத் தன் பெண்ணாகவே பார்த்துக்கொண்டவள். ஆனாலும் கை அந்த நம்பரைத்தான் முதலில் தேடியது.

வாத்தியார் நல்ல மனுஷர். "மாமி, இதை என்கிட்ட கேக்கப்படாது. மொதல்ல டாக்டராத்துக்குப் போங்கோ. முகூர்த்தம் தப்பினா வேற நாள் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் இரத்தம் நின்றுவிட்டது. உடம்புச் சூடு என்று யாரோ சொல்ல, இளநீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். புடவையை அலசி மாடியில் உலர்த்தியும் ஆயிற்று. நின்றுவிட்டதே, இனி எதற்கு டாக்டர் என்று கோலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பம்பாயிலிருந்து வந்த சொந்தக்காரர்களெல்லாம் குளித்துத் தயாராக இருந்தார்கள்.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் இறங்கியபோது வாத்தியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நீங்க சொன்னா கேப்பா. நின்னுடுத்துங்கறா. அந்தக் குழந்தையை டாக்டர் பார்க்காம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றார். இரத்தம் தானாக நின்றுவிடுவதைப் பற்றி டாக்டர் மேடைக்கு மேடை சொன்னது காதில் கேட்டது: "ஏன் வந்துச்சுன்னு தெரியாம நின்னா, அது நின்னதா அர்த்தமில்ல. அடுத்த தடவை சொல்லிட்டு வராது." அங்கேயே வாசலில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டதையெல்லாம் ரகு உள்ளே போய் வைதேகியிடம் கேட்டுவந்து எனக்குச் சொன்னான்.

"வலி இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"வயிறு கல்லாட்டம் இறுகி இருக்கா?"

"இல்லியாம்."

"குழந்தை அசையறது தெரியுதா?"

"தெரியறதாம்."

"துணி?"

"அலசிட்டா."

அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கெட்ட வார்த்தை அதுதான். "சரி. சாப்பிட, குடிக்க இனிமே எதுவும் கொடுக்காதீங்க. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சே கூட்டிட்டு வாங்க. யாரும் உள்ள கை வச்சுப் பார்க்கக் கூடாது, வழியில எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினாலும் சரி" என்றார்.

நான் உள்ளே போய், கிளம்புங்கள் என்றேன். அண்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணா, நீங்க வாயைத் திறந்தேள்னா நான் இங்கேயே கத்துவேன், பம்பாய்க்காரா எல்லாரும் கேப்பா" என்றேன். சீமந்தப் பெண்ணை, தலையில் வைத்த பூவோடு, காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கூட்டிப் போனோம். மன்னி பக்கத்தில் உட்கார்ந்து பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த இளம் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் பிலோமினா உள்ளே வந்ததும், "கழட்டும்மா. நஞ்சுக்கொடி எங்க இருக்குன்னு ஸ்கேன்ல தெரியற வரைக்கும் விரல் போகக் கூடாது. வாசல்ல ஒட்டிக்கிட்டிருந்தா, நம்ம விரலே அதைக் கிழிச்சு ரத்தத்தைத் திறந்து விட்டுடும்" என்றார். அந்தப் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டவில்லை. ஸ்கேன் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, மாடலே இல்லாமல், மேஜை மேலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "இதுதான் கர்ப்பப்பை. வாய் கீழ இருக்கு. நஞ்சுக்கொடி மேல எங்கயாவது ஒட்டியிருக்கணும். இவளுக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. வாய் லேசா விரிஞ்சாலும் அது பிரியும், பிரிஞ்சா ரத்தம். வலி இருக்காது. அதான் ஏமாத்துது. பிரசவம் ஆகற வரைக்கும் இவ எங்கயும் போகக் கூடாது, ஆபரேஷன்தான்."

மன்னிக்குப் புரிந்தது, ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை. மறுநாள் வைதேகிக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. முகம் தெளிவாக இருந்தது, தோசை கேட்டுச் சாப்பிட்டாள். "நன்னாத்தானே இருக்கா? ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சுண்டு போய் மணையில உக்கார வச்சுட்டு, சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடறோம் டாக்டரம்மா" என்று கேட்டாள். அடுத்தநாளும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னார். கடைசியில் மன்னிக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க வேற மதம், உங்களுக்கு எங்க சாஸ்திரம் என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தெரியாதுதாங்க. தள்ளி உக்காரணும்னு உங்க சாஸ்திரம் சொன்னா, உக்காரட்டும். இங்கயே தள்ளி உக்காரட்டும். இந்த ரூமை அவளுக்கே கொடுத்துடறேன், யாரும் தொட வேண்டாம். வளையல் போடணுமா, நீங்க இங்க வந்து போடுங்க. அவ வீட்டுக்குப் போற வழியில ரத்தம் விட்டுச்சுன்னா, நான் நடுரோட்டுல நின்னு என்ன பண்ணுவேன்? உங்க மருமகளை நான் உங்களுக்கு உயிரோட கொடுக்கணும். அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க" என்றார்.

வளையல்காரரை வார்டுக்கே கூட்டி வந்தோம். வைதேகி படுத்தபடியே கையை நீட்டினாள். பக்கத்து அறைகளில் இருந்த கர்ப்பிணிகளும் எட்டிப் பார்க்க, மன்னி அவர்களுக்கும் போடச் சொல்லிவிட்டாள்; யார் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. சத்தம் தாங்காமல் சிஸ்டர் ஆரோக்கியம் வந்து எல்லோரையும் விரட்டினார். டாக்டரும் கையை நீட்டிப் பச்சை வளையல் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கழற்ற வேண்டியிருந்ததால் சாயங்காலமே உடைந்துபோயிற்று என்று வருத்தப்பட்டார்.

அடுத்த இரத்தப்போக்கு ஒரு மத்தியானம் வந்தது. வைதேகி தயிர்சாதம் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். தரையெல்லாம் இரத்தம். நான் அப்போது அறையில் இருந்தேன். மன்னி வழக்கப்படி துணியால் துடைக்கக் குனிந்தாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். டாக்டர் வந்து தரையைப் பார்த்தார், வைதேகியின் முகத்தைப் பார்த்தார், அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது. ரகு தன் தொழிற்சாலை நண்பர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தான். ஷிப்டு உடையோடு வந்து இரத்தம் கொடுத்தார்கள். மன்னி தியேட்டர் வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஆத்துக்கு அழைச்சுண்டு போயிருந்தா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

பெண் குழந்தை. கைக்கடக்கமாக, கோபமாக இருந்தது. சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வைதேகி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள், ஆனால் படுத்திருந்தாள். டாக்டர் வெளியே வந்தபோது மன்னி எழுந்து அவர் காலில் விழப் போனாள். டாக்டர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, "காபி கிடைக்குமா மாமி? காலைலேருந்து ஒண்ணும் குடிக்கல" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் அகத்துப் பித்தளை டபராவில் அவர் காபி குடித்தார். அதை மன்னி தனியாக எடுத்து வைக்கவில்லை. மற்ற பாத்திரங்களோடு சேர்த்துத்தான் தேய்த்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மேலப்புதூர் கோயிலில் இறுதிப் பூசை நடந்தபோது உள்ளே இடமில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் கையில் பிடித்துக்கொண்டும் வெளியே வெயிலில் பெண்கள் நின்றார்கள். உங்களில் பலரை அங்கே பார்த்தேன். பேச முடியவில்லை, மன்னிக்கவும். மன்னி என்னோடு வந்திருந்தாள். ஜபமாலை சொல்கிறவர்கள் நடுவில் கையைக் கூப்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைத் தன் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

முசிறிக் கூட்டத்தை ரத்து செய்துவிடலாமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். "எதற்கு?" என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்பதால் கர்ப்பிணிகளுக்கு இரத்தம் படாமல் இருக்கப் போகிறதா? நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால், போ, இப்போதே போ என்று சொல்லப் பட்டம் தேவையில்லை. மாடலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னியும் கூட ஏறினாள். நீ எதற்கு என்றால், "சும்மா வரேன்" என்றாள்.

வாழைத்தோட்டத்து வேலை முடிந்து வந்த பெண்களால் மண்டபம் நிறைந்திருந்தது. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசினேன். உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் இருந்தால் இந்நேரம் மேஜையைத் தட்டி யாரையாவது பேச வைத்திருப்பார். அப்போது முன்வரிசையில் இருந்த மன்னி எழுந்து, மடிசாரை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் டீச்சர் இல்லை, டாக்டரும் இல்லை. என் மாட்டுப்பொண்ணுக்கு ரத்தம் பட்டப்போ டாக்டருக்குப் போன் பண்ணாம, இது தீட்டான்னு கேட்டவ நான். நின்னுடுத்துன்னு சந்தோஷப்பட்டவ நான். புடவையை அலசிக் காயப்போட்டதும் இந்தக் கைதான். அந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருக்கான்னா, அது என்னால இல்லை. இப்ப சொல்லுங்கோ, இங்க யாருக்காவது படறதா?"

எனக்கு டாக்டரிடமிருந்து என்ன மிஞ்சியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவருடைய கையோ கெட்டிக்காரத்தனமோ எனக்கு வராது. ஒரு வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, முடியாது முடியாது என்று சொல்லி, அதிலிருந்து எங்கள் மன்னியை இப்படி எழுப்பி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். முசிறிக்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் நாங்கள் இருவரும் போகப் போகிறோம். கூப்பிடாவிட்டாலும் போகப் போகிறோம்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். மேடான வயிறு. பக்கத்தில் இருந்த பெரியவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் உட்காரவில்லை.

"நேத்து பட்டுச்சும்மா. வலி இல்ல. காலையிலேயே நின்னுடுச்சு. அதான் யார்கிட்டயும்..."

மன்னி மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைதிலி, வாசல்ல வண்டி ஏதாவது நிக்கறதா பாரு" என்றாள்.